குற்றவியல் படிப்பில் முதல் கேள்வி: எண்ணியது யார்?

குற்றவியல் பட்டப்படிப்பில் சேர வருகிறவர்களில் பலர் மனதுக்குள் ஒரு காட்சியோடு வருகிறார்கள். சம்பவ இடம், கைரேகை, ரத்தத் துளி, கொலைகாரனின் மனதைப் படித்துவிடும் நிபுணர். முதல் செமஸ்டர் முடிவதற்குள் அந்தக் காட்சி கலைந்துவிடும். கைரேகையும் டி.என்.ஏ.வும் தடய அறிவியலைச் சேர்ந்தவை. அதற்கு வேதியியலும் உயிரியலும் அடித்தளம். ஒரு செயல் எந்தச் சட்டப் பிரிவில் வரும், எவ்வளவு தண்டனை என்பது சட்டப் படிப்பு. குற்றவியல் கேட்கும் கேள்விகள் வேறு. ஒரு சமூகம் எதைக் குற்றம் என்கிறது? யார் செய்கிறார்கள்? பெரும்பாலானவர்கள் ஏன் செய்வதில்லை? யார் பாதிக்கப்படுகிறார்கள்? தண்டித்தால் என்ன ஆகிறது?

இதற்குச் சமூகவியல், உளவியல், சட்டம், புள்ளியியல் நான்கும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஆசையில் இந்தப் பட்டத்தை எடுப்பவர் சில வருடங்களையும் பணத்தையும் தொலைத்துவிட்டு நிற்பார். அதனால் சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆய்வு முறைகளுக்கும் புள்ளியியலுக்கும் எத்தனை தாள்கள் என்று எண்ணுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே தாளில் முடிந்துவிட்டால் அந்தப் படிப்பு பலவீனமானது என்பது என் உறுதியான கருத்து. இந்தத் துறையில் மழை அளவைப் போலத் தானாக வந்து விழும் எண் எதுவும் கிடையாது. ஒருவர் புகார் கொடுத்து, இன்னொருவர் அதை எழுதி, மூன்றாமவர் அதற்கு ஒரு பெயர் வைத்த பிறகுதான் ஒரு குற்றம் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கைகளைப் பார்க்கத் தெரியாமல் படித்தால் படித்ததெல்லாம் வீண்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு நகரத்தில் ஒரு வருடம் உண்மையில் 1,000 திருட்டுகள் நடந்தன என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் பேர் புகார் கொடுக்கிறார்கள்: 400. அவற்றில் 80 சதவீதம் பதிவேட்டில் ஏறுகின்றன: 320. அடுத்த வருடம் திருட்டு 900 ஆகக் குறைகிறது. ஆனால் இணையத்தில் புகார் கொடுக்கும் வசதி வந்துவிட்டது. 55 சதவீதம் பேர் கொடுக்கிறார்கள். புகார் 495, அதே 80 சதவீதத்தில் பதிவு 396. உண்மையில் 10 சதவீதம் குறைந்த திருட்டு, ஆண்டறிக்கையில் ஏறத்தாழ 24 சதவீதம் ஏறியிருக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால், அதாவது புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பினாலோ வழிப்பறியைச் சாதாரணத் திருட்டாக எழுதினாலோ, கணக்கு இன்னொரு பக்கம் சாயும். இந்தக் கணக்கை வெவ்வேறு சதவீதங்களை வைத்துப் பத்து முறை போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு ‘குற்றங்கள் அதிகரிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்ததும் கை தானாகக் காகிதத்தைத் தேடும்.

பதிவுக்கு வராத இந்தப் பகுதியை அளக்கத்தான் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு வந்தது. அமெரிக்காவில் 1973 முதலும் பிரிட்டனில் 1982 முதலும் வீடுகளுக்கே போய், ‘உங்களுக்கு என்ன நடந்தது?’ என்று மக்களிடம் நேரடியாகக் கேட்கிறார்கள். இதற்கும் ஓட்டைகள் உண்டு. கொலையானவர் பதில் சொல்ல வரமாட்டார். வீடில்லாதவர்களும் சிறையில் இருப்பவர்களும் மாதிரியில் விழுவதில்லை. கடையில் நடந்த திருட்டு வீட்டுக் கணக்கில் வராது. நினைவும் ஏமாற்றும்: கடந்த 12 மாதங்களைப் பற்றிக் கேட்டால், பதினைந்து மாதத்துக்கு முன் நடந்த பெரிய சம்பவத்தை ‘போன வருஷம்தான்’ என்று சொல்வார்கள். அதனால் ஒரே வீட்டை ஆறு மாத இடைவெளியில் திரும்பத் திரும்பச் சந்தித்து, முந்தைய நேர்காணலில் சொன்னதைக் கழித்துவிடும் முறையை அமெரிக்கக் கணக்கெடுப்பு வைத்திருக்கிறது.

கேள்வியின் சொற்களே விடையை மாற்றிவிடும் என்பதற்கு பாலியல் குற்றங்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ‘நீங்கள் வன்புணர்வுக்கு ஆளானீர்களா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். நடந்ததற்கு அந்தப் பெயரை அவர்கள் வைத்திருக்கவே மாட்டார்கள். என்ன நடந்தது, பயமுறுத்தினார்களா, உடல் பலம் பயன்பட்டதா என்று செயலைச் செயலாகப் பிரித்துக் கேட்டால் எண்ணிக்கை கணிசமாக உயரும். தமிழில் இந்த ஆய்வைச் செய்கிறவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ‘கற்பழிப்பு’ என்ற பழைய சொல், குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளிடம் எதுவோ அழிந்துபோனதாகச் சொல்கிறது. அந்தச் சொல்லை வினாத்தாளில் போட்டால் முதல் வரியிலேயே வாயை அடைத்துவிடுவோம். அதேபோல, தீர்ப்பு வரும்வரை ஒருவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. ‘குற்றவாளி’ என்று எழுதுவது பிழை. மாணவர்களின் கட்டுரைகளில் மிக அதிகமாகத் தென்படும் பிழையும் இதுதான்.

நாடுகளை ஒப்பிடும்போது இன்னும் நிதானம் வேண்டும். சில நாடுகள் புகார் வந்த அன்றே எண்ணுகின்றன, சில விசாரணை முடிந்தபின். ஒரே இரவில் ஒரே வீட்டில் நடந்த மூன்று குற்றங்களை மூன்றாக எண்ணுவதும் உண்டு, மிகக் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணுவதும் உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் கொலை விகிதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். உடல் கிடைத்துவிட்டால் மறைப்பது கடினம். அதிலும் ஒரு நுணுக்கம்: அதே கத்திக்குத்து, மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் கொலை முயற்சி, தொலைவில் இருந்தால் கொலை. சிறிய ஊர்களில் விகிதம் துள்ளும். 40,000 பேர் வாழும் ஊரில் இரண்டு கொலை என்றால் லட்சத்துக்கு 5. அடுத்த வருடம் நான்கு என்றால் லட்சத்துக்கு 10. ‘இரு மடங்கு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரே குடும்பத்தில் நடந்த ஒரு துயரம் மட்டும் இருக்கலாம். இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஐந்து வருடச் சராசரியைப் போடுங்கள்.

வரலாற்றுத் தாளைப் பலர் சலிப்போடு கடந்துவிடுகிறார்கள். அங்கேயும் ‘எண்ணியது யார், யாரை?’ என்ற இதே கேள்விதான் ஓடுகிறது. 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, சிறைக் கைதிகளின் மண்டையோட்டையும் தாடையையும் காதையும் அளந்து ‘பிறவிக் குற்றவாளி’ என்ற கருத்தை முன்வைத்தார். சிறைக்கு வெளியே இருப்பவர்களை அதே கவனத்தோடு அவர் அளக்கவில்லை. இங்கிலாந்தில் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளின் அளவுகளை மாணவர்கள், படைவீரர்கள் ஆகியோரின் அளவுகளோடு ஒப்பிட்டு 1913இல் வெளியிட்டார். தனியான குற்றவாளி உடல்வகை எதுவும் தென்படவில்லை. ஒப்பிடும் குழு இல்லாத ஆய்வு எவ்வளவு தூரம் ஒரு துறையையே இழுத்துச் செல்லும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

கோட்பாடுகளுக்கு வருவோம். பதினைந்து பெயர், பதினைந்து வருடம், பதினைந்து வரையறை என்று மனப்பாடம் செய்வதுதான் மாணவர்கள் விழும் குழி. ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஒரு அட்டை போடுங்கள். அது தனி ஆளை விளக்குகிறதா, இடத்தையா, சம்பவத்தையா, அல்லது சட்டமும் சமூகமும் காட்டும் எதிர்வினையையா என்பது மேலே முதல் வரி. யாருடைய தரவிலிருந்து பிறந்தது என்பது அடுத்தது. அது சரியென்றால் உலகில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்தால் அது உடையும், எந்தக் குற்றத்தின் முன் அது வாயடைத்து நிற்கும் என்பவை கீழே.

சமூகவியலாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் 1979இல் சொன்ன அன்றாட நடவடிக்கைக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்யத் தயாராக இருப்பவர், தகுந்த இலக்கு, தடுக்கக்கூடிய காவல் இல்லாத நிலை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தால் குற்றம் நிகழும். இது விளக்குவது சம்பவத்தை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வருமானம் உயர்ந்தும் திருட்டு ஏன் கூடியது என்ற புதிரிலிருந்து அது கிளம்பியது. பகலில் வீடுகள் காலியாக இருந்தன; மின்னணுப் பொருட்கள் எடை குறைந்து விலை மிகுந்தவையாக இருந்தன. ‘தயாராக இருப்பவர்’ எப்படி உருவானார் என்று கேட்டால் இந்தக் கோட்பாட்டிடம் பதில் இல்லை. அது கேள்வியையே எடுத்துக்கொள்ளவில்லை. சமூகவியலாளர் மெர்ட்டன் 1938இல் பேசியது வேறொன்றை: பணமும் வெற்றியும் எல்லோருக்கும் இலக்கு என்று சொல்லிவிட்டு, அதற்கான நேர்வழியைச் சிலருக்கு மட்டுமே திறந்து வைக்கும் சமூகம் என்ன விலை கொடுக்கிறது என்பதை. இன்னொரு சமூகவியலாளர் பெக்கர் 1963இல் கேட்டது, யார் யாரை நோக்கி விரல் நீட்டிப் பெயர் வைக்கிறார்கள் என்பதை. தேர்வில் இந்த மூன்றையும் ஒரே களத்தில் மோதவிட்டு ‘ஆகவே இதுவே சிறந்தது’ என்று முடிக்கும் விடைக்கு மதிப்பெண் குறையும். ஒன்று விளக்குவதை மற்றொன்று விளக்க முயலவே இல்லை என்று காட்டுகிறவருக்குத்தான் ஏறும்.

தரவு யாருடையது என்ற வரியை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். குற்றவியலாளர் ஹிர்ஷி 1969இல் சமூகப் பிணைப்பை (குடும்பம், பள்ளி போன்றவற்றோடு ஒருவருக்கு உள்ள பற்றை)ப் பற்றி எழுதியபோது மாணவர்களிடம் வாங்கிய வினாத்தாள்களைப் பயன்படுத்தினார். மாணவிகளின் பதில்கள் கையில் இருந்தும் பகுப்பாய்வில் சேர்க்கவில்லை. சமூகவியலாளர் சதர்லாண்ட் 1939இல் எழுப்பிய கேள்வி இன்னும் பெரியது. வறுமையே குற்றத்தின் காரணம் என்று சொன்ன கோட்பாடுகள் எல்லாம் காவல் நிலையத்திலும் சிறையிலும் கிடைத்த ஆட்களை வைத்துக் கட்டப்பட்டவை. நிறுவனங்களின் உயர் அதிகாரிகள் செய்யும் மோசடிகள் அந்த வாசலுக்கே வருவதில்லை. எண்ணப்படாதவர்களை விட்டுவிட்டுக் காரணம் தேடினால், எண்ணப்பட்டவர்களின் ஏழ்மைதான் காரணமாகத் தெரியும். இந்த ஒரு வாதத்தை உள்வாங்கிக்கொண்டால் பாதிப் படிப்பு கைவசம்.

இன்னொரு புகழ்பெற்ற எண்ணும் தவறாகப் பயன்படுகிறது. 1945இல் பிறந்து, 10 முதல் 18 வயதுவரை ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த 9,945 சிறுவர்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்த குற்றவியலாளர் வுல்ஃப்கேங்கும் அவருடைய குழுவினரும் 1972இல் ஒன்றைக் காட்டினார்கள்: 627 பேர், அதாவது சுமார் 6 சதவீதம், மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். உடனே எல்லோருக்கும் தோன்றுவது, அந்த 6 சதவீதத்தை முன்பே கண்டுபிடித்துவிட்டால் போதுமே என்பது. பின்னோக்கிப் பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிற ஆள், முன்னோக்கிப் பார்க்கும்போது கூட்டத்தில் மறைந்துவிடுவார். கணக்கு இது: 1,000 பேரில் 50 பேர் பின்னாளில் கடுமையான வன்முறையில் இறங்குவார்கள் என்று கொள்வோம். ஒரு மதிப்பீட்டுக் கருவி அவர்களில் 80 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கிறது: 40 பேர். மீதி 950 பேரில் 20 சதவீதத்தைத் தவறாகச் சந்தேகிக்கிறது: 190 பேர். ‘ஆபத்தானவர்’ முத்திரை விழுந்தது 230 பேர் மீது. அதில் உண்மையானவர்கள் 40, ஏறத்தாழ 17 சதவீதம். கருவி மோசமானதல்ல. அரிதானதைத் தேடும்போது எந்தக் கருவிக்கும் இதுதான் கதி. தவறாக முத்திரை விழுந்த அந்த 190 பேரின் வாழ்க்கை என்ன ஆகும் என்று கேட்பதும் இந்தப் பாடத்தின் வேலைதான்.

குற்றத்தைக் குறைக்கச் செய்யும் தலையீடுகளை மதிப்பிடும் தாள்தான் எனக்கு இந்தப் படிப்பின் இதயம். நல்ல எண்ணம் நல்ல விளைவைத் தரும் என்ற நம்பிக்கையை அது சோதித்துப் பார்க்கிறது. மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் சிறுவர்களை இருவர் இருவராக இணைகளாகப் பொருத்தினார்கள்; இறுதி ஆய்வில் இடம்பெற்றவை 253 இணைகள், 506 பேர். இணையில் யாருக்கு உதவி என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தார்கள். உதவிக் குழுவுக்குச் சராசரியாக ஐந்து வருடம் ஆலோசகர்கள் வீட்டுக்கு வந்தார்கள். படிப்பு, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது வருடம் கழித்து குற்றவியலாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். பதிவுகள் வேறு சொன்னன. குற்றம் குறையவில்லை, மதுப் பழக்கம், மனநோய், முன்கூட்டிய மரணம் போன்ற சில அளவுகளில் உதவி பெறாதவர்களைவிட இவர்கள் மோசமாக இருந்தார்கள். 1978இல் வந்த அந்த முடிவைப் படிக்கும்போது மனம் கனக்கும். ஒப்பிடும் குழு இல்லாமல், பயனாளிகளின் பாராட்டை மட்டும் வாங்கி எழுதியிருந்தால் இன்றும் அதை வெற்றித் திட்டம் என்றுதான் படித்துக்கொண்டிருப்போம்.

முன்–பின் ஒப்பீடு ஏன் ஏமாற்றும் என்பதைக் கையால் செய்து பார்க்கலாம். ஐம்பது தெருக்களின் ஒரு வருட எண்ணிக்கையில் மிக மோசமான ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். எதுவுமே செய்யாமல் அடுத்த வருடத்தைப் பாருங்கள். அந்த ஐந்திலும் எண்ணிக்கை பெரும்பாலும் இறங்கியிருக்கும். உச்சத்தில் இருந்ததால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தோம், உச்சம் நிலைக்காது. அங்கே கேமரா பொருத்தியிருந்தால் பெருமை கேமராவுக்குப் போயிருக்கும். ஆகவே அதே அளவு மோசமான, தலையீடு இல்லாத தெருக்களும் வேண்டும். குற்றம் பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்ததா என்று பார்க்கச் சுற்றியுள்ள வட்டாரத்தையும் அளக்க வேண்டும். சில ஆய்வுகளில் சுற்றுப்புறத்திலும் குற்றம் குறைந்தது என்பது மாணவர்கள் எதிர்பார்க்காத செய்தி. ‘மறுகுற்றம் குறைந்தது’ என்ற வாக்கியத்தைப் பார்த்தால் இரண்டு கேள்வி: எது மறுகுற்றம், மறுபடி கைதா, தண்டனையா, சிறையா? எத்தனை மாதம் காத்திருந்தார்கள்? ஆறு மாத எண்ணையும் மூன்று வருட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கட்டுரைகள் ஏராளம்.

மென்பொருள் எதுவானாலும் சரி. இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொண்டால் பட்டம் முடிந்த பிறகும் கைகொடுக்கும். வேலை என்று பார்த்தால் நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை நிர்வாகம், பாதிக்கப்பட்டோர் உதவி மையங்கள், காவல்துறையின் தரவுப் பிரிவு, வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு ஆகியவை நேரடியாகப் பொருந்தும். அட்டவணையைப் படித்து விளக்கத் தெரிந்தவருக்கு இவை எல்லாவற்றிலும் ஒரு படி முன்னிலை.

இறுதியாண்டு ஆய்வேட்டில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ‘சிறைக் கைதிகளின் மனநிலை’ என்று தலைப்பு எடுத்துக்கொண்டு, அனுமதி வருவதற்குள் பருவம் முடிந்துபோகும். சிறைத்துறைக்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று திருத்தம் கேட்டால் மற்றொன்றுக்கும் திருத்திய படிவம் போக வேண்டும். கையில் ஆறேழு மாதம்தான் இருக்கிறதென்றால், பொதுவில் கிடைக்கும் கணக்கெடுப்புத் தரவு, வெளியான தீர்ப்புகள், நாளிதழ்ச் செய்திகள் ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். தீர்ப்புகளை எடுத்தால், நீதிமன்றம்வரை வந்த வழக்குகளைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். தீர்ப்பில் எதை எந்த வகையில் சேர்ப்பது என்ற குறியீட்டு விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, பத்தில் ஒரு பங்கு தீர்ப்புகளை நண்பர் ஒருவரையும் தனியாகக் குறியிடச் சொல்லுங்கள். இருவரும் முரண்படும் இடங்களில்தான் உங்கள் வரையறை தளர்ந்திருக்கிறது.

நேர்காணல்தான் வேண்டும் என்றால், ஒப்புதல் படிவத்தில் ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை எழுத்தில் சொல்லுங்கள். யாருக்காவது இனி ஆபத்து நேரும் என்று தெரிந்தால் மறைக்க முடியாது என்பதை, பேசத் தொடங்கும் முன்பே அவர் அறிந்திருக்க வேண்டும். தண்டனை பெறாத பழைய குற்றங்களின் பெயர், தேதி, இடத்தைக் கேட்காதீர்கள். அவர் சொல்லப் போனாலும் நிறுத்துங்கள். உங்கள் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டால் கொடுக்க நேரலாம். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், ஆகவே பன்னிரண்டு பேருக்கு மேல் திட்டமிட வேண்டாம். பெயர்களுக்குப் பதில் எண், எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் வேறொரு இடத்தில் பூட்டி. வன்முறையைப் பற்றி ஒரே நாளில் இரண்டு நேர்காணலுக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாவதில் கேட்பவரின் கவனம் போய்விடும், இரவில் தூக்கமும் போகும். நெறியாளரிடம் அதைச் சொல்ல ஒரு நேரத்தை முன்கூட்டியே வாரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.